பத்து நாள் பூவுக்காக ஒரு மரமா? பூக்கும் செர்ரி வைக்கலாமா, வேண்டாமா?

வேலியோரம் (இழையைத் தொடங்கியவர்)

தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது. வெயிலுக்குக் குறைவில்லை. குளிர்காலத்தில் தரை உறையும் அளவுக்குக் குளிர் உண்டு. பூக்கும் செர்ரி வைக்கலாம் என்று எனக்கு ஆசை. வீட்டில் எதிர்ப்பு. "பத்து நாள் பூத்துக் கொட்டிவிடும், மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்கும். அதற்கு ஆப்பிள் வைத்தால் காயாவது கிடைக்கும்" என்கிறார்கள். அந்தப் பேச்சில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

இந்த மரத்தின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? ஆயிரம் மரம் வரிசையாக நின்றால்தான் அந்த அழகா, அல்லது சிறிய தோட்டத்தில் தனியாக நின்றாலும் உண்டா? வளர்ப்பவர்கள் மனம் விட்டுச் சொல்லுங்கள்.

---

நிலாமுற்றம்

நண்பரே, முதல் காரணம் எளிது. இலை வருவதற்கு முன்பே பூத்துவிடுகிறது. மற்ற பூமரங்களில் பச்சைக்கு நடுவே பூவைத் தேட வேண்டும். இங்கே மொட்டைக் கிளையில் நுனி முதல் அடி வரை பூ மட்டும். அதுவும் மாதக்கணக்கில் சாம்பல் நிறத்தையே பார்த்துச் சலித்த கண்ணுக்கு எதிரே.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாது. ஜப்பானில் அதிகம் நடப்பட்டிருக்கும் ரகம் சோமெய்-யோஷினோ. எடோஹிகான் செர்ரியும் ஓஷிமா செர்ரியும் கலந்து பிறந்தது. இன்றைய டோக்கியோவுக்குள் அடங்கிப்போன சோமெய் என்ற கிராமத்தின் நாற்றங்கால்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டில் பரப்பினார்கள். இந்த ரகம் தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காது. ஆகவே ஒட்டுக்கட்டித்தான் பெருக்க முடியும். அதாவது உலகில் உள்ள சோமெய்-யோஷினோ எல்லாமே ஒரே மரத்தின் நகல்கள். ஒரு தெருவில் 200 மரம் இருந்தால் 200-ம் ஒரே வாரத்தில் விரிந்து ஒரே வாரத்தில் உதிர்வது இதனால்தான். ஜப்பான் வானிலை நிறுவனம் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மாதிரி மரத்தைப் பார்த்து, அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் "பூத்தாயிற்று" என்று அறிவிக்கிறதே, அதுவும் மரங்கள் ஒன்றுபோல நடப்பதால்தான் பொருள் உள்ளதாகிறது. மார்ச் கடைசியில் தெற்கே கியூஷு பக்கம் தொடங்கும் பூ, மே தொடக்கத்தில் வடக்கே ஹொக்கைடோ வரை ஏறிப்போகும்.

---

குன்றுக்குறவன்

> ஒரு தெருவில் 200 மரம் இருந்தால் 200-ம் ஒரே வாரத்தில்...

தகவல் சரி. ஆனால் இதையே செர்ரியின் அழகு என்று நிறுத்திக்கொள்வதில் எனக்கு வருத்தம் உண்டு.

சோமெய்-யோஷினோ வருவதற்கு முன் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஜப்பானியர் பார்த்து வந்தது மலைச் செர்ரியை. அது விதையில் முளைப்பது. ஒவ்வொரு மரமும் தனித்தனி ஆள். ஒன்று வெண்மையாகப் பூக்கும், பக்கத்தில் நிற்பது இளஞ்சிவப்பாக. ஒன்றில் தளிர் செம்பு நிறம், இன்னொன்றில் மஞ்சள் கலந்த பச்சை. பூவும் தளிரும் சேர்ந்தே வருவதால் அந்த நிறங்கள் ஒன்றோடொன்று பேசும். நாரா மாநிலத்தின் யோஷினோ மலையில் சுமார் 30,000 மரங்கள், பெரும்பாலும் இந்த மலைச் செர்ரிதான். அடிவாரத்தில் பூ தொடங்கி, மேலே மேலே ஏறி, உச்சியில் முடியும்போது கீழே இலை மூடியிருக்கும். ஒரு மலை முழுக்க வாரக்கணக்கில் நடக்கிற விஷயம் அது.

கியோட்டோவில் பழைய அரண்மனை நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்த பூக்கும் நாள் பதிவு கி.பி. 812 வரை பின்னோக்கிப் போகிறது. அதுவும் மலைச் செர்ரியைப் பற்றியதுதான். 2021-இல் அங்கே மார்ச் 26 அன்றே முழுப்பூப்பு வந்தது, அந்த 1,200 ஆண்டுப் பதிவில் அதற்கு முன் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. மரம் எவ்வளவு நுணுக்கமாக வெப்பத்தை அளக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆயுளையும் சொல்ல வேண்டும். சோமெய்-யோஷினோ அறுபது வயதில் தளர்ந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. ஃபுகுஷிமாவின் மிஹாரு ஊரில் தொங்கு கிளைகளோடு நிற்கும் தகிசகுராவுக்கு 1,000 வயதுக்கு மேல். அது எடோஹிகான் வகை. சோமெய்-யோஷினோவின் பெற்றோரில் ஒருவர் என்று நிலாமுற்றம் சொன்னாரே, அதே வகைதான்.

---

நிலாமுற்றம்

குறவன் அண்ணா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே சமயத்தில் எல்லாம் பூப்பதும் சாதாரண அழகு இல்லை. 1720 வாக்கில் அப்போது ஜப்பானை ஆண்ட ஷோகுன் தோகுகவா யோஷிமுனே எடோவின் (இன்றைய டோக்கியோ) அசுகயாமா குன்றில் செர்ரிகளை நடச் செய்து பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதன் பிறகுதான் பிரபுக்களின் தோட்டத்துக்குள் இருந்த இன்பம் எல்லோருக்கும் வந்தது. ஊரே ஒன்றாகக் கூடிப் பார்க்க, மரங்களும் ஒன்றாகப் பூக்கத்தானே வேண்டும்?

---

பட்டைநோக்கி

வேலியோரம், உங்கள் வீட்டாரின் கேள்விக்கு வருகிறேன். "மிச்ச நாளெல்லாம் சும்மா நிற்கும்" என்பது தவறான ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் உண்மை. சரியான ரகத்தைத் தேர்ந்தால் உண்மையே இல்லை. இதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டை. செர்ரிப் பட்டையில் கிடைமட்டமாக ஓடும் மூச்சுத்துளை வரிகள் இருக்கும். இலை இல்லாத காலத்திலும் தூரத்திலிருந்தே செர்ரி என்று காட்டிக்கொடுப்பது அதுதான். திபெத்திய செர்ரி என்று ஒன்று உண்டு. மேற்குச் சீனா, திபெத் பகுதியைச் சேர்ந்தது. அதன் பூ சிறியது, வெள்ளை, இலையோடு கலந்து மறைந்துவிடும். பூவுக்காக யாரும் அதை நடுவதில்லை. அதன் பட்டை மெருகேற்றிய செம்பு. மெல்லிய தோலாக உரிந்து உரிந்து உள்ளே புதுப் பளபளப்பு வெளிப்படும். சாய்ந்த குளிர்கால வெயில் அதன் மேல் படுகிற இடத்தில் நட்டால், ஆண்டின் மிக மங்கலான மாதங்களில்தான் அது உச்சத்தில் இருக்கும். நடைபாதைக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். போகிறவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்து இலையுதிர் நிறம். இதில் சார்ஜென்ட் செர்ரியை வெல்ல ஆள் இல்லை. வசந்தத்தில் ஒற்றையடுக்கு இளஞ்சிவப்புப் பூ, உடனே செம்பழுப்புத் தளிர், கோடையில் பச்சை. மற்ற மரங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இது ஆரஞ்சும் கருஞ்சிவப்புமாக மாறிவிடும். என் பின்முற்றத்தில் நிற்பது இதுதான். பூத்த வாரத்தைவிட இலை சிவக்கும் வாரத்தில்தான் விருந்தினர்கள் "இது என்ன மரம்?" என்று கேட்கிறார்கள். ஆனால் இது 10 மீட்டருக்கு மேல் போகும். சிறிய தோட்டத்துக்குப் பெரிது.

மூன்றாவது, பூக்கும் காலத்தையே இழுத்து நீட்டும் ரகம். ஆட்டம்னாலிஸ் என்பார்கள், குளிர்காலச் செர்ரி. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை, குளிர் சற்றுத் தணியும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பூக்கும். ஒரே நாளில் கண்ணைப் பறிக்காது. ஆனால் ஜனவரியில் சன்னலுக்கு வெளியே நாலு பூ இருப்பதன் அருமை, ஏப்ரலில் நாலாயிரம் பூ இருப்பதற்குக் குறைந்ததில்லை. பத்து நாள் என்று சொல்கிறவர்களுக்கு நேரடியான பதில் இந்த மரம்.

மரத்தின் உருவத்தையும் பாருங்கள். அமனோகாவா தூண் மாதிரி நேரே மேலே போகும். ஷிரோதாயே வெள்ளைப் பூவோடு கிளைகளைக் கிடைமட்டமாக அகல விரிக்கும், அடியில் உட்கார இடம் கொடுக்கும். ஃபுஜி செர்ரியின் குட்டி ரகமான கோஜோ-நோ-மாய் வளைந்து நெளிந்த குச்சிகளோடு தொட்டியிலேயே வளரும். இடம் இல்லை என்பவர்களுக்கு அதுவே போதும்.

---

தாழ்வாரம்

பட்டைநோக்கி சொன்னதோடு ஒன்று: பின்னணி. வெளிர் நிறச் செர்ரியை வெளுத்த வானத்துக்கு எதிரே வைத்தால் பூ காணாமல் போய்விடும். பின்னால் ஊசியிலை மரமோ, அடர்ந்த பசுமை வேலியோ, இருண்ட நிறச் சுவரோ இருக்க வேண்டும். பாதி அழகு அதில்தான்.

---

கவாத்துக்கத்தி

எல்லோரும் பூவைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் வேரைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் செர்ரி சாவது பெரும்பாலும் அங்கேதான்.

தண்ணீர் தேங்கினால் செர்ரி தாங்காது. குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றி, மறுநாள் வரை வடியாமல் நின்றால் அந்த இடம் வேண்டாம், இல்லையென்றால் மேடு கட்டி நடுங்கள். வாஷிங்டனில் டைடல் பேசின் குளத்தைச் சுற்றி நிற்கும் மரங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கரைச்சுவர் அமிழ்ந்து, ஓத நீர் வேர்வரை ஏற ஆரம்பித்தது. 2024-இல் சுவரைத் திரும்பக் கட்டும் பணிக்காகப் பல மரங்களை எடுக்க வேண்டியதாயிற்று. உள்ளே குடைந்துபோன தண்டோடும் ஆண்டுதோறும் பூத்து மக்கள் மனத்தைப் பிடித்திருந்த 'ஸ்டம்பி' என்ற மரமும் அதில் போனது. அதற்கு முன்பே குச்சிகள் எடுத்துக் கன்றுகள் உருவாக்க ஏற்பாடு செய்தார்கள், அது ஆறுதல்.

குளக்கரையில் இதழ் விழுந்து நீர்ப்பரப்பையே மூடுவது மிக அழகு, மறுக்கவில்லை. மரம் உயர்ந்த கரையில் நிற்கட்டும், கிளை மட்டும் நீர்மேல் சாயட்டும்.

வேர் மேலாக ஓடும். நடைபாதைக் கல்லைத் தூக்கும். அடியில் மண்ணைக் கொத்தக் கூடாது. அடியில் ஏதாவது வேண்டுமென்றால், மரம் நடும் ஆண்டிலேயே நார்சிசஸ், சில்லா மாதிரிக் கிழங்குச் செடிகளை வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

கவாத்து விஷயத்தில் ஜப்பானில் பழமொழியே உண்டு: செர்ரியை வெட்டுபவன் முட்டாள், உமே (ஜப்பானியப் பிளம்) மரத்தை வெட்டாதவன் முட்டாள். காரணம் இருக்கிறது. வெட்டுக்காயம் ஆறுமுன் வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை உள்ளே போகும், அல்லது பாக்டீரியா புற்று வந்து பிசின் வடியும். குளிர்காலத்தில் வெட்டவே வேண்டாம். அவசியமானால் கோடை நடுவில், மழையில்லாத நாளில், மெல்லிய கிளையாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

---

குன்றுக்குறவன்

கத்தி அண்ணா, ஹிரோசாகியை மறந்துவிட்டீர்களே? அந்த ஊர் ஆப்பிளுக்குப் பேர்போனது. கோட்டைப் பூங்காவின் செர்ரிகளுக்கு அங்குள்ள தோட்டக்காரர்கள் ஆப்பிள் கவாத்து முறையையே கையாண்டார்கள். முதிய கிளையை எடுத்து, காயத்துக்கு மருந்து பூசி, இளங்கிளையை வளரவிட்டு, உரம் கொடுத்தார்கள். 1882-இல் நட்ட சோமெய்-யோஷினோ அங்கே இன்னும் பூக்கிறது. அறுபது வயதுதான் என்று நான் மேலே எழுதியது பராமரிப்பு இல்லாத மரத்துக்கு.

---

கவாத்துக்கத்தி

உண்மை. ஆனால் அது ஆண்டு முழுக்கத் தேர்ந்த கைகள் வேலை செய்யும் இடம். வீட்டுத் தோட்டத்தில் கத்தியைக் கண்டபடி எடுப்பவர்களுக்கு அந்தப் பழமொழியே பாதுகாப்பு.

---

மழைக்காத்திருப்பு

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். உறைபனியே இல்லாத வெப்பமான இடத்தில் இருக்கிறேன். எனக்கு இந்த மரம் கிடையவே கிடையாதா?

---

நிலாமுற்றம்

மன்னிப்பு எதற்கு, நல்ல கேள்வி. செர்ரியின் பூமொட்டு முந்தின கோடையிலேயே உருவாகிவிடும். பிறகு உறங்கும். அந்த உறக்கம் கலைய வாரக்கணக்கில் குளிர் வேண்டும், அதன் பிறகு வெப்பம் வேண்டும். குளிர் போதாவிட்டால் மொட்டு விட்டுவிட்டு விரியும், அல்லது விரியாமலே போகும். ஆகவே நிரந்தர வெப்பத்தில் சோமெய்-யோஷினோ வைத்து ஏமாற வேண்டாம்.

குறைந்த குளிரில் பூப்பவை இரண்டைச் சொல்கிறேன். தைவான் செர்ரி, மணி வடிவில் கவிழ்ந்த கருஞ்சிவப்புப் பூ. ஒகினாவாவில் ஜனவரியிலேயே பூக்கிறது. அங்கே பூ வடக்கிலிருந்து தெற்கே இறங்கும், ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கு நேர்மாறு. குளிர் முதலில் எட்டும் இடத்தில் உறக்கம் முதலில் கலைவதே காரணம். ஆனால் நியூசிலாந்தின் வடபகுதியில் பறவைகள் விதையைப் பரப்பி இது களையாகிவிட்டது. எனவே உங்கள் பகுதி விதிகளைப் பார்த்துவிட்டு நடுங்கள். இன்னொன்று இமயமலைச் செர்ரி. இலையுதிர் காலத்தில் பூப்பது. ஷில்லாங்கில் நவம்பரில் ஊரையே இளஞ்சிவப்பாக்குவது அதுதான். இரண்டுக்குமே மிதமான குளிர் தேவை, மலைப்பாங்கான இடம் நல்லது.

சமவெளி வெப்பம் என்றால் இலையுதிர்த்துப் பூக்கும் தபெபுயா ரோசியாவைப் பாருங்கள். செர்ரிக்கு மாற்று என்று சொல்லி அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன், அது தன்னளவில் பேரழகு.

---

தேனடை

யாரும் தேனீயைப் பற்றிப் பேசவில்லை. அடுக்குப் பூ ரகங்களில் மகரந்தத் தாள்களே இதழாக மாறியிருக்கும். அதனால் கன்சான் போன்ற ரகத்தில் தேனீக்குக் கிடைப்பது மிகக் குறைவு. வசந்தத் தொடக்கத்தில், வேறு பூ அதிகம் இல்லாத நேரத்தில், ஒற்றையடுக்குச் செர்ரி ஒன்று அவற்றுக்குப் பெரிய துணை. ஒரே மரம்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் அது பூச்சிக்கும் பறவைக்கும் பயன்படட்டும் என்பது என் வேண்டுகோள். கன்சானின் அடர் இளஞ்சிவப்பு எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிப்பதும் இல்லை, கண்ணை உறுத்துகிறது.

இலைக்காம்பில் இரண்டு சிறு புடைப்புகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அவையும் தேன் சுரப்பிகள்தான். எறும்பை வரவழைத்து, இலை தின்னும் புழுக்களை விரட்ட மரம் செய்திருக்கும் ஏற்பாடு. பூ உதிர்ந்த பிறகும் இந்த மரத்தில் உற்றுப் பார்க்க நிறைய இருக்கிறது.

---

தாழ்வாரம்

தேனீ விஷயத்தில் உங்கள் பக்கம். ஆனால் கன்சானை அப்படி ஒதுக்க மனம் வரவில்லை. அது மற்றவை உதிர்ந்த பிறகு பூக்கிறது, நீண்ட நாள் நிற்கிறது, அடைசலான தெருவில் கரடுமுரடான மண்ணிலும் பூக்கிறது. ஜெர்மனியின் பான் நகரத்தில் ஹீர் தெருவில் இருபுறமும் கிளைகள் மேலே கூடி நிற்பதை நினைத்துப் பாருங்கள். செங்கல் வீடுகளும் கல் பாதையும் உள்ள இடத்தில் மென்னிறம் எடுபடாது. எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

---

ஏட்டுச்சுவடி

ரகங்களைக் காப்பதைப் பற்றியும் இந்த இழையில் ஒரு வார்த்தை இருக்க வேண்டும். ஆங்கிலேயர் காலிங்வுட் இங்க்ரம் (1880–1981) செர்ரி சேகரிப்பதற்காகவே வாழ்ந்தவர். 1923-இல் சசெக்ஸ் பகுதித் தோட்டம் ஒன்றில், சாகும் நிலையில் இருந்த பெரிய வெள்ளைப் பூச் செர்ரியைக் கண்டார், குச்சி எடுத்து ஒட்டுக்கட்டினார். 1926-இல் ஜப்பான் போனபோது ஒரு செர்ரி அறிஞர் பழைய ஓவியத்தைக் காட்டி, "இந்த ரகம் எங்களிடம் அழிந்துவிட்டது" என்றார். இங்க்ரமுக்கு உடனே தெரிந்துவிட்டது, தன் தோட்டத்தில் வளரும் மரம் அதுதான் என்று. ஒட்டுக்குச்சிகளைத் திருப்பி அனுப்ப முயன்றபோது வழியில் காய்ந்து காய்ந்து போயின. கடைசியில் குச்சிகளை உருளைக்கிழங்கில் செருகி, சைபீரிய ரயில் வழியாக அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. 1932-இல் தாய்-ஹாகு என்ற அந்த ரகம் தன் நாட்டுக்குத் திரும்பியது. இன்று எங்கே தாய்-ஹாகு இருந்தாலும் அது அந்த ஒரே சசெக்ஸ் மரத்தின் வழி. இங்கிலாந்தின் ஆன்விக் தோட்டத்தில் 329 தாய்-ஹாகு மரங்கள் ஒன்றாகப் பூக்கின்றன.

வாஷிங்டன் கதையிலும் இதே விடாப்பிடி உண்டு. 1910-இல் டோக்கியோ அனுப்பிய 2,000 மரங்களில் பூச்சியும் நோயும் இருந்ததால் எல்லாவற்றையும் எரித்தார்கள். அத்தோடு முடிந்திருக்கலாம். டோக்கியோ மேயர் யுகியோ ஓசாகி திரும்பவும் 3,020 மரங்களை அனுப்பினார். 1912 மார்ச் 27 அன்று முதல் இரண்டையும் அமெரிக்க அதிபரின் மனைவி ஹெலன் டாஃப்டும் ஜப்பானியத் தூதரின் மனைவியும் நட்டார்கள். வாஷிங்டனில் செர்ரி நட வேண்டும் என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் எழுதியும் பேசியும் வந்த அமெரிக்க எழுத்தாளர் எலைசா சிட்மோரும் அங்கே இருந்தார்.

எல்லோரும் ஒரே ரகத்தையே நட்டால் ஒரே பூச்சி எல்லாவற்றையும் கொண்டுபோகும். சிவப்புக் கழுத்து நீள்கொம்பு வண்டு 2012 முதல் ஜப்பானில் செர்ரிகளின் உட்பட்டையைத் தின்று மரங்களைக் கொல்கிறது. அதனால் கேட்கிறேன், நாற்றங்காலில் முதலில் கண்ணில் படுவதை வாங்காதீர்கள். அரிய ரகம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

---

வேலியோரம்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் இந்த இழையை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பட்டைநோக்கியின் பதிவுக்குப் பிறகு ஆப்பிள் பேச்சு நின்றுவிட்டது.

என் யோசனை இது: ஒற்றையடுக்குப் பூ, நல்ல இலையுதிர் நிறம், சிறிய தோட்டத்துக்கு அடங்கும் உயரம். அப்படியானால் ஃபுஜி செர்ரி சரிதானே? அடர் பச்சை வேலிக்கு முன்னால், சமையலறைச் சன்னலிலிருந்து தெரியும் இடம். பக்கத்தில் ஆடு மேய்கிறது, அதனால் ஏதும் சிக்கல் வருமா?

---

பட்டைநோக்கி

ஃபுஜி செர்ரி மிகப் பொருத்தம். சின்ன மரம், சீக்கிரம் பூக்கும், இலை நன்றாகச் சிவக்கும்.

---

தேனடை

எனக்கு மகிழ்ச்சி!

---

கவாத்துக்கத்தி

ஆடு விஷயத்தில் கவனம். செர்ரி இலையில் சயனைடு வெளிவிடும் பொருள் உண்டு, வாடிய இலையில் ஆபத்து அதிகம். வேலிக்கு அப்பால் கிளை நீளாதபடி தள்ளி நடுங்கள், உடைந்த கிளையை ஆடு எட்டும் இடத்தில் போடாதீர்கள்.

இலை உதிர்ந்த பிறகு, தரை உறைவதற்கு முன், வெறும் வேர்க் கன்றாக (வேரில் மண் இல்லாமல் விற்பது) வாங்கி நடலாம். ஒட்டுக் கன்று என்றால் ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலே இருக்கட்டும், அதற்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து வரும் துளிரை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அது ரகத்தையே அமுக்கிவிடும். முதல் இரண்டு கோடையும் தண்ணீர் தவறக் கூடாது. முட்டுக்கோல் கட்டினால் கயிறு தண்டை அறுக்காமல் தளர்த்திக் கட்டுங்கள். குழியின் வடிகாலை இப்போதே சோதித்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், மேடு வேண்டுமா வேண்டாமா என்று சொல்கிறேன்.